வந்து பார்த்தால் ஆறு நகர்ந்திருக்கிறது: சீன நிலையாமைக் கவிதைகளின் தடத்தில் ஆறு நாள்

முதல் நாள்: சியான்

பழைய சீனக் கவிஞர்கள் நிலையாமையைத் தனித் தத்துவமாக எடுத்துப் பேசுவது குறைவு. பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்: இன்ன மேட்டில் ஏறினேன், இன்ன பாலத்தடியில் நின்றேன், முன்பு இருந்தவர்கள் இப்போது இல்லை. அதனால் அந்தக் கவிதைகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். இந்தப் பாதையில் வரும் ஊர்கள் சியான், லோயாங், வூஹான், ஹுவாங்ஜோவ், நான்ஜிங், ஷாவ்ஷிங். எல்லாவற்றுக்கும் விரைவு ரயில் உண்டு. டிக்கெட் பயண நாளுக்கு இரண்டு வாரம் முன்பு திறக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படியே பெயரைக் கொடுக்க வேண்டும்; ஓர் எழுத்து மாறினாலும் நிலைய வாசலில் நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அப்போது போகவே வேண்டாம். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த நாளை ரயிலுக்கு ஒதுக்குவது நல்லது.

தாங் அரசகுலத்தின் (618–907) தலைநகர் சாங்கான்தான் இன்றைய சியான். பயணிகள் சைக்கிள் ஓட்டும் மதில் சுமார் 14 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. அது தாங் மதில் இல்லை, 14ஆம் நூற்றாண்டில் மிங் ஆட்சி கட்டியது. தாங் நகரின் பரப்பு ஏறக்குறைய 84 சதுர கிலோமீட்டர், இந்த மதில் வளைத்திருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. 904இல் ஜூ வென் என்ற படைத்தலைவர் பேரரசரை லோயாங்குக்கு இழுத்துப் போனார். போகும்போது மாளிகைகளைப் பிரித்து, உத்தரங்களை வெய் ஆற்றில் மிதக்கவிட்டு எடுத்துப் போனார்கள். எனவே சாங்கானைத் தேடி மதிலுக்குள் அலைந்து பயனில்லை.

மெட்ரோவில் சிங்லோங்ஸி நிலையத்தில் இறங்கினால் மேலே இருக்கும் மேடு லேயோயுவென். நகரின் தென்கிழக்கில் அந்தக் காலத்து மக்கள் காற்று வாங்கப் போன இடம். லீ ஷாங்யின் 9ஆம் நூற்றாண்டில் இங்கே எழுதிய பாட்டு நான்கே வரி, வரிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் 20 எழுத்து:

மாலை சாய மனம் சரியில்லை,
வண்டி பூட்டிப் பழைய மேட்டில் ஏற்றம்.
சாயும் சூரியன், எல்லை இல்லா அழகு.
என்ன, அந்திக்கு அருகில்.

இதை எங்கே கெடுக்கிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். ஐந்தெழுத்து வரி இரண்டும் மூன்றுமாகப் பிரியும்: ‘ஷி யாங்’ (சாயும் சூரியன்), ‘வு ஷியென் ஹாவ்’ (எல்லை இல்லை நன்று). மூலத்தில் வினைக்குக் காலமும் இல்லை, ‘நான்’ என்ற சொல்லும் இல்லை. தமிழில் ‘ஏறினேன்’ என்று போட்டதும் கவிஞர் ஒருவர், ஒரு குறிப்பிட்ட மாலை என்று பாட்டு சுருங்கிவிடும். ‘ஏற்றம்’ என்று தொழிற்பெயரை வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். தமிழிலேயே காலம், பால், எண் எதையும் காட்டாத முற்றுகள் சில உண்டு: உண்டு, இல்லை, வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு இவைதான் கைகொடுக்கும். 757இல், கலகக்காரர் பிடியில் இருந்த இதே சாங்கானில் தூ ஃபூ எழுதிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘நாடு நொறுங்கியும் மலையும் ஆறும் உண்டு.’ இங்கே ‘இருக்கின்றன’ என்று எழுதினால் அது செய்திக் குறிப்பாகிவிடும்.

நான்காவது வரியில் ‘ஜி ஷி’ என்று இரண்டு எழுத்து வருகிறது. இன்றைய சீனத்தில் அதற்கு ‘ஆனால்’ என்று பொருள். அழகுதான், ஆனால் இருட்டப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். ‘அதுவும் இந்த நேரத்தில்தான்’ என்று படிப்பவர்களும் உண்டு: அந்தி நெருங்குவதால்தான் இத்தனை அழகு. லீ ஷாங்யினின் இன்னொரு புகழ்பெற்ற பாட்டின் கடைசி வரியும் இதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது, அங்கேயும் இதே தகராறு. மேலே ‘என்ன’ என்று போட்டது இரண்டுக்கும் கொஞ்சம் இடம் விடத்தான். தாங் அரசின் வீழ்ச்சியை முன்கூட்டிப் பாடினார் என்பார்கள். அவர் இறந்தது 858 வாக்கில், அரசு விழுந்தது 907இல். பின்னால் வந்தவர்கள் ஏற்றிவைத்த பொருள் அது என்றே தோன்றுகிறது.

இன்னொன்று. இரண்டாம் வரி ‘யுவென்’ என்று முடியும், நான்காம் வரி ‘ஹுன்’ என்று முடியும். இன்றைய உச்சரிப்பில் இயைபு இல்லை. தாங் கால ஒலியில் இரண்டும் ஒரே இயைபு வகுப்பு. எழுத்து அப்படியே இருக்க, ஒலி கழன்று போய்விட்டது.

நடைமுறைக்கு வருவோம். மேட்டில் இப்போது இருப்பது 1980களில் திரும்ப எழுப்பிய சிங்லோங் கோயிலும் பூங்காவும். ஜப்பானியத் துறவி கூக்காய் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயின்ற கோயில் என்பதால் ஜப்பானியச் செர்ரி மரங்கள் நட்டிருக்கிறார்கள். மேற்கே அடுக்குமாடிகள், போதாததற்குப் புகைமூட்டம். சூரியன் அடிவானத்தைத் தொடுவதைப் பார்க்க முடியாது, அதற்கு முன்பே கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். அக்டோபர் நடுவில் ஐந்தரைக்கு மேட்டில் நின்றால் சரியாக இருக்கும்.

இரண்டாம் நாள்: லோயாங், மாங்ஷான்

சியான் வடக்கு நிலையத்திலிருந்து லோயாங் லோங்மெனுக்கு ஒன்றரை மணி நேரம். ஊருக்கு வடக்கே நீளமாகப் படுத்திருக்கும் தாழ்வான மேட்டுநிலம் மாங்ஷான். மலை என்று பெயர், பார்த்தால் வயல்மேடு. ‘வாழ்ந்தால் சூஜோவ், ஹாங்ஜோவ், செத்தால் வடமாங்’ என்பது சீனப் பழமொழி. கனமான மண், நிலத்தடி நீர் ஆழத்தில், கீழே தெற்கில் தலைநகர். கல்லறைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பல அரசகுலங்கள் மாறி மாறி இங்கேயே புதைத்தன.

ஹான் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத பத்தொன்பது பழம்பாடல்கள் என்ற தொகுதி உண்டு. 13ஆம் பாட்டில் ஒருவர் லோயாங்கின் கிழக்கு வாயிலுக்கு வண்டியோட்டிப் போய், தூரத்தில் வடக்கே இருக்கும் கல்லறைகளைப் பார்க்கிறார். பார்ப்பது இந்த மேட்டைத்தான். ‘வெள்ளைப் பாப்லர் எப்படிச் சலசலக்கிறது, பைனும் சைப்ரஸும் அகலப் பாதைக்கு இருபுறம்.’ மூலத்தில் அந்தச் சலசலப்பு ‘சியாவ் சியாவ்’. இந்தத் தொகுதி முழுக்க இப்படி இரட்டித்து வரும் சொற்கள்: ‘சிங் சிங்’ (பசேல்), ‘லெய் லெய்’ (குவியல் குவியலாய்). நமக்கு இரட்டைக்கிளவி இருப்பதால் இது ஒரு சிக்கலே இல்லை, துணிந்து ‘சலசல’ என்று போடலாம். வேறு பல மொழிகளில் இதற்கு ஒரு பெயரடையைத் தேடி ஓசையைத் தொலைக்க வேண்டியிருக்கும்.

பாப்லரை ஏன் சொன்னார்கள் என்பது மரத்தடியில் நின்றால் புரியும். அதன் இலைக்காம்பு பக்கவாட்டில் தட்டையானது. அதனால் காற்றே இல்லாததுபோல் இருக்கும்போதும் இலை ஆடும், ஒன்றோடொன்று உரசும். நம் அரசமரம் நள்ளிரவில் பேசுவதுபோல. கல்லறைக் காட்டில் ஆளில்லாத நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்? ‘மனிதரைக் கொல்லும் துயர்’ என்கிறது 14ஆம் பாட்டு.

அந்த 14ஆம் பாட்டில்தான் இந்தத் தொகுதியிலேயே மிகக் கடுமையான இரண்டு வரிகள் இருக்கின்றன:

பழங்கல்லறை உழுது வயல்.
பைன், சைப்ரஸ் ஒடித்து விறகு.

சாவைப் பற்றிப் புலம்பும் கவிதை எந்த மொழியிலும் உண்டு. இங்கே சாகிறது கல்லறை. நினைவுச் சின்னமாக நட்ட மரம் அடுப்புக்குப் போகிறது. 2ஆம் நூற்றாண்டுக் கவிஞர் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்கு மாங்ஷானே சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழியே ரயில் பாதை போட மண்ணை வெட்டியபோது தாங் கல்லறைகள் உடைந்து, மூவண்ணப் பளபளப்பு பூசிய குதிரைகளும் ஒட்டகங்களும் வெளியே வந்தன. விற்றால் காசு என்று தெரிந்ததும் திருட்டு ஒரு தொழிலாகவே ஆனது. அதற்கென்று பிறந்த கருவிதான் லோயாங் மண்வாரி. நீளக் கம்பின் முனையில், நீளவாக்கில் பிளந்த குழாய் போன்ற இரும்பு. குத்தி எடுத்தால் உள்ளே இருக்கும் மண் கலையாமல் உருளையாக வரும். ஒரே நிறமாக வந்தால் தொடாத மண். பல நிறம் கலந்து வந்தால் ஒருமுறை தோண்டித் திரும்ப மூடிய குழி. இறுகித் தட்டையாக அடுக்கு அடுக்காக வந்தால் மனிதர் இடித்து இறுக்கிய மண். திருடர்கள் கண்டுபிடித்த இதே கருவியைத்தான் தொல்லியலாளர்கள் இன்று ஊர் ஊராகப் பயன்படுத்துகிறார்கள்.

மாங்ஷான் மேல் இருக்கும் பழங்கல்லறை அருங்காட்சியகம் 1987இல் திறந்தது. வெவ்வேறு இடங்களில் தோண்டிய கல்லறைகளைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து, ஹான் முதல் சோங் வரை வரிசையாகத் தரைக்குக் கீழே அடுக்கியிருக்கிறார்கள். வளாகத்திலேயே வட வெய் பேரரசர் ஒருவரின் சமாதி மேடும் இருக்கிறது. உள்ளே குளிரும், தலை தட்டும். ஹான் அறைகளில் கூரை ஓவியங்களைப் பார்க்க டார்ச் வேண்டும், ஆனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. இங்கே வருபவர்கள் குறைவு, எல்லோரும் லோங்மென் குகைகளுக்குப் போய்விடுகிறார்கள். நல்லதுதான்.

சவ ஊர்வலப் பாட்டு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஹான் காலத்தில் பெரிய மனிதர்களின் பிணத்தைச் சுமந்தவர்கள் பாடியது: ‘வெங்காயத் தாள்மேல் பனி, எத்தனை எளிதாய் உலரும். உலர்ந்த பனி நாளைக் காலை திரும்ப விழும். மனிதர் போனால் எப்போது திரும்ப வருவார்?’ புல் நுனிமேல் நீர் நமக்குப் பழகிய உவமை. அதில் பனி போவதோடு சரி. இங்கே பனி மறுநாள் திரும்பி வருகிறது, குத்துவது அதுதான். வெங்காயம் என்று சொன்னது ஒரு சிறிய வகை, தாள் மெல்லியது, வழவழப்பு. அதில் நீர் தங்காது. பூண்டுத் தாளிலோ புல்லிலோ வைத்து மொழிபெயர்த்தால் பொருள் அரைகுறை.

மூன்றாம் நாள்: வூஹான்

பாதி நாள் ரயில். மஞ்சள் கொக்கு மாடம் பார்க்க வேண்டியதா என்றால், பாட்டுக்காகப் பார்க்கலாம், கட்டடத்துக்காக வேண்டாம். தாங் கவிஞர் ச்சுய் ஹாவின் பாட்டு: முன்னவர் கொக்கேறிப் போனார், இங்கே வெறுமனே மாடம் மட்டும் மீதி, போன கொக்கு திரும்பவில்லை, ஆயிரம் ஆண்டாய் வெண்முகில் வெறுமனே. முதல் மூன்று வரியில் ‘மஞ்சள் கொக்கு’ மூன்று தடவை. அந்த யாப்பில் ஒரு சொல் திரும்ப வருவது குற்றம். தெரிந்தே செய்தார், எட்டு வரியில் ‘கோங்’ (வெறுமை) என்ற எழுத்தும் இரண்டு தடவை.

மாடம் 1884இல் எரிந்தது. இப்போது நிற்பது 1985இல் கட்டியது, 51.4 மீட்டர் உயரம், உள்ளே லிஃப்ட். பழைய இடத்தில்கூட இல்லை. 1957இல் திறந்த யாங்சி பாலத்தின் அணுகுசாலை அந்த இடத்தை எடுத்துக்கொண்டதால் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். மாலையில் மாடத்தைவிடப் பாலத்தின் நடைபாதை நல்லது. கடைசி வரியில் வரும் ‘ஆற்றின் மேல் மூடுபனி அலை’ அங்கிருந்துதான் தெரியும்.

நான்காம் நாள்: ஹுவாங்ஜோவ், செம்பாறை

முதலில் ஓர் எச்சரிக்கை. ரயில் செயலியில் ‘சிபி’ (செம்பாறை) என்று தேடினால் சிபி வடக்கு என்ற நிலையம் வரும். அது குவாங்ஜோவ் போகும் பாதையில் இருக்கிறது. 208இல் வடக்கின் படைத்தலைவர் சாவ் சாவ் தோற்ற போர் நடந்த இடம் அந்தப் பக்கம் என்றுதான் பரவலாகக் கருதுகிறார்கள். சோங் காலக் கவிஞர் சூ தோங்போ எழுதிய செம்பாறை வேறு. அதற்கு வூஹானிலிருந்து நகரிடை ரயிலில் ஹுவாங்காங் (ஹுவாங்ஜோவ் இன்று இந்த நகரின் ஒரு பகுதி) போக வேண்டும். சீனர்கள் ஒன்றைப் ‘போர்ச் செம்பாறை’ என்றும் மற்றதை ‘எழுத்துச் செம்பாறை’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். தவறான ரயிலில் ஏறினால் ஒரு நாள் போச்சு.

சூ தோங்போவும் ஒரு வகையில் அந்தத் தவறைச் செய்தவர்தான். 1079இல் கவிதையில் அரசை இகழ்ந்தார் என்று சிறை, 1080இல் இந்தச் சிற்றூருக்கு நாடுகடத்தல். ஊருக்குக் கிழக்கே ஒரு சரிவில் பயிர் செய்தார். ‘கிழக்குச் சரிவு’ என்பதுதான் தோங்போ. 1082, ஏழாம் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், நண்பர்களோடு படகில் செம்பாறை அடியில் போனார். அங்கே நடக்காத போரை நினைத்துச் சீனமொழியின் மிகப் பெரிய உரைநடைக் கவிதை ஒன்றை எழுதினார்.

படகில் ஒரு விருந்தாளி குழல் ஊதுகிறார், அழுகை போல. ஏன் என்று கேட்டால் சொல்கிறார்: ஒரு காலத்தின் மாவீரன் சாவ் சாவ் இன்று எங்கே? நாமோ மீன் பிடிப்பவர், விறகு வெட்டுபவர். வானுக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஈசல், பெருங்கடலில் ஒரு தானிய மணி. ‘நம் வாழ்வின் நொடிப்பொழுதுக்கு வருந்துகிறேன், இந்த ஆற்றின் முடிவின்மைமேல் பொறாமைப்படுகிறேன்.’ (மூலத்தில் இருப்பது நீர்மேல் பறக்கும் ஒருநாள் பூச்சி. நம் மழைக்கால ஈசல் வேறு இனம், ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.)

சூ தோங்போவின் பதிலைப் பலரும் ஆறுதல் என்று படிக்கிறார்கள். அது ஆறுதலைவிட ஒரு வாதம். அந்த ஆற்றையே எடுத்துக் காட்டுகிறார்: நீர் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் ஆறு போய்விடவில்லை. நிலா தேய்கிறது, நிறைகிறது, கடைசியில் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாறுவதன் பக்கமிருந்து பார்த்தால் வானமும் பூமியும்கூட ஓர் இமைப்பொழுது நில்லா. மாறாததன் பக்கமிருந்து பார்த்தால் பொருள்களும் நானும் தீர்வதில்லை. ஆகவே ஆற்றுக் காற்றும் மலை நிலாவும், எடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். விருந்தாளி சிரிக்கிறார், கிண்ணம் கழுவித் திரும்ப ஊற்றுகிறார்கள். தின்ற மிச்சமும் தட்டுகளும் சிதறிக் கிடக்க, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். கிழக்கு வெளுத்ததுகூடத் தெரியவில்லை.

பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடும். மூன்று மாதம் கழித்து, பத்தாம் மாதம், அவர் திரும்ப அதே இடத்துக்குப் போய் இரண்டாவது கட்டுரையை எழுதினார். நீர் வற்றியிருக்கிறது, கற்கள் வெளியே துருத்துகின்றன. ‘எத்தனை நாள் எத்தனை மாதம் ஆயிற்று, ஆற்றையும் மலையையும் அடையாளம் தெரியவில்லையே.’ ஏழாம் மாதம் நிரூபித்ததைப் பத்தாம் மாதம் அவரே கைவிட்டதுபோல. இரண்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். தனியே படித்தால் முதலாவது உபதேசமாகிவிடும்.

இன்று செம்பாறைப் பூங்காவில் நின்றால் மூன்றாவது கட்டுரை தேவைப்படுகிறது. யாங்சி நகர்ந்து போய்விட்டது. செந்நிறப் பாறை இருக்கிறது, அதன்மேல் மாடங்கள் இருக்கின்றன, கீழே இருப்பது குளமும் மரமும் சாலையும். படகு கட்டிய இடத்தில் காலால் நடக்கலாம். இரண்டு கட்டுரைகளின் பெயரில் உள்ளே ஒரு மண்டபம் உண்டு, மரப்பலகையில் இரண்டும் செதுக்கியிருக்கிறார்கள். சூ தோங்போ தன் கையால் எழுதிய முதல் கட்டுரையின் சுருள் தைபேயில் இருக்கிறது. இங்கே தேட வேண்டாம்.

ஐந்தாம் நாள்: நான்ஜிங்

தாங் கவிஞர் லியூ யூஷீயின் இரண்டு பாட்டு, இரண்டு இடம். காலையில் கல்நகரம், மாலையில் கருப்பாடைச் சந்து.

கல்நகரத்துக்கு ஹான்ஜோங்மென் மெட்ரோவில் இறங்கி வடக்கே நடக்கலாம். ‘மலை சூழ்ந்த பழைய நாடு, சுற்றிலும் அப்படியே உண்டு. ஏற்றநீர் வெறும் நகரத்தை அடித்து, தனிமையாய்த் திரும்பும்.’ இந்த இரண்டாவது வரிக்குப் பிறகு இனி வரும் கவிஞருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை என்றார் அவர் காலத்துக் கவிஞர் பாய் ஜூயி. வெறும் நகரம் என்பது உண்மை: தெற்கு அரசுகளின் தலைநகரை 589இல் சுயி அரசு வென்றதும் அரண்மனைகளை இடித்து உழுநிலமாக்க உத்தரவிட்டது. ஆனால் அடிக்கிற நீர்? யாங்சி இங்கேயும் மேற்கே விலகிப் போய்விட்டது. மதிலின் கீழே ஓடுவது சின்ஹுவாய் என்ற கிளையாறு. செம்பாறையில் பார்த்த அதே கதை. மனிதரின் அழிவை அளக்க நட்டுவைத்த அளவுகோலே இடம் மாறியிருக்கிறது.

கருப்பாடைச் சந்து ஃபூஸிமியாவ் மெட்ரோவுக்கு அருகில், கன்ஃபூசியஸ் கோயிலுக்கு எதிரே ஆற்றைத் தாண்டி. 4ஆம் நூற்றாண்டில் வாங், ஷியே என்ற இரண்டு பெருங்குடிகள் வாழ்ந்த தெரு. 

செம்பறவைப் பாலத்தருகே காட்டுப்புல் பூத்து,
கருப்பாடைச் சந்து வாயிலில் மாலை வெயில் சாய்ந்து.
அன்று வாங், ஷியே கூடத்து முன் தங்கிய தூக்கணம்
இன்று நுழைவது சாதாரண மக்கள் வீட்டில்.

மேலே ‘தூக்கணம்’ என்று போட்டது சரியில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். தமிழில் பலர் செய்யும் தவறு இது. தூக்கணாங்குருவி மரத்தில் தொங்கும் கூடு கட்டும். பாட்டில் வருவது தகைவிலான். வீட்டு உத்தரத்தில் சேற்றுக் கூடு கட்டி ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பும். திரும்பி வருவதால்தான் பாட்டே நிற்கிறது: குருவிக்கு விலாசம் மாறவில்லை, வீட்டுக்காரர் மாறிவிட்டார். அழிந்தது என்ற சொல் எங்கும் இல்லை.

சந்து இப்போது புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவரும் கடைகளும். ஏமாற்றம் வேண்டாம், ஏனென்றால் லியூ யூஷீயே இந்த ஊரைப் பார்க்காமல்தான் எழுதினார்! முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார்: பக்கத்து மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தபோது எட்டிப் பார்த்து ஏங்கியதோடு சரி, யாரோ நான்ஜிங்கைப் பற்றி எழுதிய ஐந்து பாட்டைக் காட்டியதும் இவருக்கும் தோன்றியது.

ஆறாம் நாள்: ஷாவ்ஷிங், லான்டிங்

நேற்றைய பாட்டில் இல்லாமல் போன வாங், ஷியே குடியினர் இங்கே உயிரோடு உட்கார்ந்து குடிக்கிறார்கள். வரிசையை இப்படி வைத்ததே அதற்காக. ஊருக்குத் தென்மேற்கே சுமார் 13 கிலோமீட்டர், டாக்சி எளிது.

353, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள். எழுத்தணிக் கலைஞர் வாங் ஷீஜி கூட்டிய விருந்து. வளைந்தோடும் வாய்க்காலின் இருகரையிலும் ஆட்கள், நீரில் மிதந்து வரும் மதுக்கிண்ணம் யார் முன் நிற்கிறதோ அவர் பாட்டுச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்லும் கணக்கு: 42 பேர். 11 பேர் இரண்டிரண்டு பாட்டு, 15 பேர் ஒவ்வொன்று, ஆக 37. மீதி 16 பேருக்கு ஒன்றும் வரவில்லை, தண்டனை மூன்று கிண்ணம். அந்தப் பதினாறில் வாங் ஷீஜியின் மகன் சியென்ஜியும் ஒருவன், அப்போது பத்து வயதுகூட நிறையாத சிறுவன், பிற்காலத்தில் பெரும் எழுத்தணிக் கலைஞன்.

அன்றைய பாட்டுகளின் தொகுப்புக்கு வாங் ஷீஜி எழுதிய முன்னுரை 28 வரி, 324 எழுத்து. முதல் பாதி வெயில், காற்று, மூங்கில். நடுவில் திரும்புகிறது: சற்றுமுன் மகிழ்ந்தது, தலை குனிந்து நிமிர்வதற்குள் பழைய தடயம். பிறகு நேராகச் சுவாங்சி என்ற தாவோ நூலோடு சண்டை. சாவும் வாழ்வும் ஒன்றே என்று சொல்வது வெற்றுப் பேச்சு, நெடுங்காலம் வாழ்ந்தவனும் குழந்தையில் இறந்தவனும் சமம் என்பது புனைவு. சூ தோங்போ 700 ஆண்டு கழித்துச் சொன்ன சமாதானத்தை இவர் முன்கூட்டியே மறுத்துவிட்டார் என்று படிக்கலாம். ‘பின்னால் வருபவர் இன்றைப் பார்ப்பது, நாம் அன்றைப் பார்ப்பது போலத்தான்.’

இடம் பழையதா? இல்லை, இப்போதைய தோட்டம் மிங் காலத்தில், 1548இல், இடம் மாற்றி அமைத்தது. ‘லான்டிங்’ என்று இரண்டே எழுத்து பொறித்த கல் ஒன்று நிற்கும். பேரரசர் காங்ஷியின் கையெழுத்து. கலாசாரப் புரட்சியில் உடைத்துத் துண்டாக்கினார்கள், பிறகு ஒட்டினார்கள். முதல் எழுத்துக்கு வால் இல்லை, இரண்டாம் எழுத்துக்குத் தலை இல்லை.

முன்னுரையின் மூலப் பிரதி 649இல் பேரரசர் தாய்ஜோங்கோடு புதைந்தது என்பது மரபு. இருப்பவை தாங் காலத்தில் எடுத்த நகல்கள், சிறந்தது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில். வாசல் கடைகளில் அதன் அச்சு விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள். நான்காம் வரியில் ‘உயர்ந்த மலை’ என்ற இரண்டு எழுத்து எழுத விட்டுப்போய், ஓரத்தில் பொடியாகச் செருகியிருக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே மைபூசி அடித்த எழுத்துகள் இருக்க வேண்டும். கடைசி எழுத்து, வேறொன்றின் மேல் எழுதித் தடித்திருக்க வேண்டும். அடித்தல் இல்லாமல் சுத்தமாகப் பிரதியெடுத்த அச்சுகளும் அழகான பெட்டியில் கிடைக்கும். அதை வாங்காதீர்கள்.